சோதித்தால் தீர்ந்துபோகும் பொருள்

1943 ஜூலை 24. பசிபிக் கடலில் ட்ரூக் தீவுகளுக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் டினோசா, தோனான் மாரு 3 என்ற ஜப்பானியக் கப்பலைக் குறிவைத்தது. 19,000 டன் எடை கொண்ட அது, திமிங்கில வேட்டைக்குக் கட்டப்பட்டுப் போர்க்காலத்தில் எண்ணெய் சுமந்த கப்பல். சாய்ந்த கோணத்தில் விட்ட டார்ப்பிடோக்களில் இரண்டு வெடித்து அதை நகரவிடாமல் நிறுத்தின. டினோசாவின் தலைவர் டான் டாஸ்பிட் வசதியான இடத்துக்கு வந்து, எதிரிக் கப்பலின் பக்கவாட்டுக்கு நேர்செங்குத்தாக, பாடப்புத்தகத்தில் சொல்லியிருப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டார். எல்லாம் போய் முட்டின, ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசி டார்ப்பிடோவை விடாமல் வைத்துக்கொண்டு, என்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லி பேர்ல் ஹார்பருக்குத் தூக்கிவந்தார்.

அங்கே செய்த சோதனை மிக எளிமையானது. வெடிமருந்துக்குப் பதில் வேறு பொருள் நிரப்பிய டார்ப்பிடோத் தலைகளில் உண்மையான வெடிதூண்டியைப் பொருத்தி, கிரேனில் 90 அடி உயரத்துக்கு ஏற்றி, இரும்புத் தகட்டின் மேல் போட்டார்கள். நேராக விழுந்த பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. தகட்டைச் சாய்த்து வைத்ததும் பழுது பாதியாகக் குறைந்தது. நேர் மோதலின் அதிர்ச்சியில், சுடும் ஊசி தன் வழித்தடத்திலேயே உரசிச் சிக்கிப் போதிய வேகமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊசியின் எடையைக் குறைத்ததும் கோளாறு தீர்ந்தது. நன்றாகக் குறிபார்த்த தளபதிகளுக்குத்தான் டார்ப்பிடோ வெடிக்காமல் போயிருக்கிறது என்பது இதில் உள்ள கொடுமை.

இவ்வளவு எளிய சோதனையைப் போருக்கு முன்பே ஏன் செய்யவில்லை? ஒரு டார்ப்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர். பொருளாதார மந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதே டார்ப்பிடோவில் இருந்த இன்னொரு தூண்டி காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பது. அதன் முன்மாதிரியை 1926-ல் எல்-8 என்ற பழைய நீர்மூழ்கியின் மீது உண்மையான வெடிமருந்தோடு இரண்டு முறை சோதித்தார்கள். முதலாவது வெடிக்கவில்லை, இரண்டாவது வெடித்துக் கப்பல் மூழ்கியது. அதோடு திருப்தியடைந்துவிட்டார்கள். இரண்டில் ஒன்று வெற்றி என்பதைப் புள்ளியியல்காரரிடம் கொடுத்தால், உண்மையான வெற்றி விகிதம் 1.3 சதவீதத்திலிருந்து 98.7 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பார். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதாவது, ஒன்றுமே தெரியவில்லை.

வெடிதூண்டி, டெட்டனேட்டர், ராக்கெட் பற்றவைப்பான், காரின் காற்றுப்பையை விரிக்கும் ஸ்குவிப் எல்லாம் ஒரே குடும்பம். வேலை செய்கிறதா என்று பார்த்தால் அந்தப் பொருள் தீர்ந்துவிடும். சோதித்தது நமக்குக் கிடைக்காது, நம் கையில் இருப்பது சோதிக்கப்படாதது. இந்த முரணுக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த நிபுணர்களின் வரிசை ஒன்று உண்டு. அவர்கள் அடிப்படையில் ஒரே ஒரு தூரத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள் என்பது என் எண்ணம். சோதனையில் சுலபமாகத் தெரியவருவது நடுப்புள்ளி, பொருளைப் பயன்படுத்துபவன் கேட்பது ஓரம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் அந்தத் தூரம்.

முதலில் நேர்வழிக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு லாட்டிலிருந்து சில உருப்படிகளை எடுத்துச் சுடுகிறோம், எல்லாமே வெடிக்கின்றன. இதிலிருந்து லாட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நம்பகத்தன்மை குறைந்தது 90 சதவீதம் என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஒரு பழுதும் இல்லாமல் 22 சுட வேண்டும். 99 சதவீதம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 299 வேண்டும். 99.9 சதவீதம் என்றால் 2,995. மொத்தமே 200 உருப்படி செய்யும் ஒரு ஏவுகணைத் திட்டத்தில் 2,995 சோதனைக்கு எங்கே போவது? எண்ணிப் பார்க்கும் வழி இங்கேயே முட்டுச்சந்தில் நின்றுவிடுகிறது.

அதற்கு மாற்று, தூண்டுதலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. இந்த யோசனை வெடிமருந்துக்காரர்களிடம் பிறந்ததல்ல. 1927-ல் இங்கிலாந்தில் டிரெவன் என்ற மருந்தியலாளர், பாதி விலங்குகளைக் கொல்லும் அளவை வைத்து மருந்தின் வீரியத்தை அளக்கலாம் என்றார். எந்த அளவில் சாகும் என்பது விலங்குக்கு விலங்கு மாறும், ஆனால் பாதி சாகும் அளவு ஓரளவு நிலையாக நிற்கும். 1934-ல் பூச்சிக்கொல்லி ஆய்வாளர் செஸ்டர் பிளிஸ், ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு, அந்த எல்லைகள் இயல்நிலைப் பரவலில் அமைந்தவை என்று கொண்டு புரோபிட் முறையை வகுத்தார். அமெரிக்க அரசு வேளாண் துறையில் வேலை போய், லண்டனுக்குப் புள்ளியியலாளர் ஃபிஷரிடம் போய், அங்கிருந்து லெனின்கிராடுக்கும் போன மனிதர் அவர். பூச்சிக்குச் சொன்னதை அப்படியே வெடிமருந்துக்கும் சொல்லலாம். ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே அடித்தால் சும்மா கிடக்கும், மேலே அடித்தால் வெடிக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டனில் ஒரு வெடிமருந்து ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கிருந்த கருவி, எடையை மேலிருந்து போடும் சாதாரணச் சட்டம்தான். அந்த வகைக் கருவியில் சுமார் 40 மில்லிகிராம் மருந்தை உப்புத்தாளின் மேல் வைத்து, அதன் மேல் உருக்குத் தண்டை நிறுத்தி, 2.5 கிலோ எடையை விழவிடுவார்கள். வெடித்ததா இல்லையா என்பதுகூட எப்போதும் பளிச்சென்று தெரியாது. பாதி கரிந்து பாதி கிடக்கும். காதை நம்பினால் ஆளுக்கு ஆள் மாறும் என்று பிற்பாடு மைக்ரோஃபோன் வைத்து, சத்தம் இந்த அளவுக்கு மேல் போனால் வெடித்தது என்று வரையறுத்தார்கள். இப்படிப்பட்ட கருவியில் பாதி வெடிக்கும் உயரம் பி.இ.டி.என். மருந்துக்கு ஏறக்குறைய 12 செ.மீ., ஆர்.டி.எக்ஸுக்கு இருபதைத் தாண்டி, டி.என்.டி.க்கு 150 அளவில் வரும்.

எடையை எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் புரூஸ்டனின் பெயர் நிலைத்தது. உயரங்களைச் சமமான படிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு 20, 25, 32, 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மடக்கைக் கணக்கில் இவை சமமான படிகள். 32-ல் ஆரம்பித்து, வெடித்தால் ஒரு படி இறங்கு, வெடிக்காவிட்டால் ஒரு படி ஏறு. 32-ல் வெடித்தது, 25-ல் இல்லை, மறுபடி 32-ல் வெடித்தது, இப்போது 25-லும் வெடித்தது, 20-ல் இல்லை, 25-ல் இல்லை. இப்படியே ஐம்பது முறை போனால், வெடித்ததற்கும் வெடிக்காததற்கும் பென்சிலில் போட்ட பெருக்கல் குறிகளும் சுழிகளும் பாதி வெடிக்கும் உயரத்தைச் சுற்றித் தாமாகவே குவிந்துவிடும். அடுத்து எங்கே போடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, போர்க்காலத்தில் புதிதாக வந்த பையனும் செய்துவிடுவான்.

கணக்கை முறைப்படுத்தியவர்கள் பிரின்ஸ்டனில் இருந்த போர்க்காலப் புள்ளியியல் குழுவினர். 1944-ல் அறிக்கையாக வந்தது, 1948-ல் வில்ஃப்ரிட் டிக்சன், அலெக்சாண்டர் மூட் இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரையானது. வெடித்தவை, வெடிக்காதவை இரண்டில் எது குறைவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டல் பெருக்கலில் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்துவிடலாம். கணினி இல்லாத காலத்தில் அது பெரிய உபகாரம். இருவருமே வெடிமருந்தோடு தங்கிவிடவில்லை. மூட் ராண்ட் நிறுவனத்துக்குப் போய், பின்னர் 1966-ல் அமெரிக்கப் பள்ளிகளின் ஏற்றத்தாழ்வு பற்றிய கோல்மன் அறிக்கையின் ஆசிரியர்களுள் ஒருவரானார். டிக்சன் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் மென்பொருளை உருவாக்கினார். ஏறி இறங்கும் முறையும் அவரோடு மருத்துவத்துக்குள் போனது. மயக்க மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நச்சுச் சோதனையில் பலியாகும் விலங்குகளின் எண்ணிக்கையை அது வெகுவாகக் குறைத்திருக்கிறது.

மருத்துவருக்கு நடுப்புள்ளி பல சமயம் போதும். வெடிதூண்டி செய்பவருக்கு அது கிட்டத்தட்டப் பயனற்றது. பாதி முறை வெடிக்கும் மின்னோட்டம் எது என்று தெரிந்து யார் என்ன செய்வது? அவருக்கு வேண்டியவை இரண்டு ஓரங்கள். ஆயிரத்தில் 999 வெடிக்கும் அளவு ஒன்று, ஆயிரத்தில் ஒன்று மட்டுமே வெடிக்கும் அளவு மற்றொன்று. முன்னதைத் தாண்டித்தான் சுடும் மின்சுற்றை அமைப்பார்கள். பின்னதற்கு வெகு கீழேதான் தவறி வரும் மின்சாரம் எல்லாம் இருக்க வேண்டும். அப்போலோ காலத்தில் உருவாகி விண்வெளி ஓடங்களிலும் பயன்பட்ட நாசாவின் பற்றவைப்பானில், சுமார் 1 ஓம் மின்தடை உள்ள மெல்லிய கம்பி ஒன்று மருந்துக்குள் புதைந்திருக்கும். 1 ஆம்பியரை ஐந்து நிமிடம் பாய்ச்சினாலும் அது வெடிக்கக் கூடாது, 3.5 ஆம்பியரில் வெடித்தே ஆக வேண்டும்.

வெடிக்கக் கூடாத ஓரத்தைப் பொதுவாக மறந்துவிடுவோம். 1967 ஜூலை 29 அன்று டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், ஒரு ஃபாண்டம் விமானம் வெளி மின்சாரத்திலிருந்து தன் சொந்த மின்சாரத்துக்கு மாறிய கணத்தில் எழுந்த மின்வீச்சு, அதன் சிறகில் இருந்த ஜூனி ராக்கெட்டைச் சுட்டுவிட்டது. காப்பு ஊசி முன்பே எடுக்கப்பட்டிருந்தது, இணைப்பும் சீக்கிரமே கொடுக்கப்பட்டிருந்தது. எதிரே நின்ற விமானத்தில் ராக்கெட் பட்டு மூண்ட தீயில் 134 பேர் இறந்தார்கள். தூண்டியின் தாங்கும் எல்லையை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் அந்த வீச்சு அதைத் தாண்டியதுதான். ஆனால், தவறி வரும் மின்சாரத்தை எண்ணிப் பார்த்துத்தான் வடிவமைக்க வேண்டும் என்ற கெடுபிடிக்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம்.

ஐம்பது சோதனையில் நடுப்புள்ளியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டோம், இனி 99.9 சதவீத அளவைச் சொல்ல வேண்டும். இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், சராசரியோடு 3.09 திட்ட விலக்கத்தைக் கூட்டினால் போதும். ஆனால் பரவல் இயல்நிலைதான் என்று யார் சொன்னது? அதே திட்ட விலக்கம் உள்ள லாஜிஸ்டிக் பரவல் என்று கொண்டால் 3.81 கூட்ட வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற ஓரத்துக்குப் போனால் முதலாவதில் 4.75, இரண்டாவதில் 7.62. நடுப்பகுதியில் இந்த இரண்டு வளைவுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும். ஐம்பது சோதனையை வைத்து இது அதுவா இதுவா என்று பிரித்துச் சொல்ல எந்த மேதையாலும் முடியாது. ஓரத்தில் ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒன்றரை மடங்குக்கு மேல் விலகி நிற்கின்றன. அறிக்கையில் அச்சாகும் 0.999999 என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போகிறவர்களுக்கு, அந்த ஒன்பதுகளில் கடைசி மூன்று நான்கைத் தந்தது வெடிமருந்து அல்ல, கணக்குப் போட்டவர் தேர்ந்தெடுத்த வளைவு என்பது தெரிவதில்லை.

இன்னொரு தொல்லை படியின் அளவு. புரூஸ்டன் முறை நன்றாக வேலை செய்ய, படி திட்ட விலக்கத்தில் பாதியிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். திட்ட விலக்கம் என்னவென்று கண்டுபிடிக்கத்தான் சோதனையே! படி பெரிதாகிவிட்டால், மேல்படியில் எல்லாம் வெடித்துக் கீழ்படியில் ஒன்றும் வெடிக்காமல் போய்விடும். ஐம்பது உருப்படி தீர்ந்திருக்கும், விலக்கத்தைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது. வெடித்த அளவுகளும் வெடிக்காத அளவுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வந்தால்தான் மதிப்பீடே பிறக்கும். இந்த நிபந்தனையைக் கணித மொழியில் துல்லியமாக எழுதிவைத்தது மெர்வின் சில்வபுள்ளையின் 1981-ஆம் ஆண்டுக் கட்டுரை.

1962-ல் அமெரிக்காவின் ஏரோநியூட்ரானிக் நிறுவனத்தில் இருந்த லாங்லி, படியையே தூக்கியெறிந்தார். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டை மட்டும் சொன்னால் போதும். முதலில் நடுவில் சுடு, பிறகு வெடித்ததும் வெடிக்காததும் சரிசமமாக வரும் வரை பின்னோக்கி எண்ணிப் போய், அங்கே பயன்படுத்திய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் நடுவில் சுடு. ஒருமுறை மட்டும் பயன்படும் பொருள்களுக்கு என்றே தலைப்பிட்டு எழுதினார். ஆனால் எல்லைகளைத் தப்பாகக் கணித்தால் இதுவும் காலை வாரும்.

இங்கேதான் பாரி நேயர் வருகிறார். ஓஹியோ மாநிலத்தின் மியாமிஸ்பர்க் ஊரில், பழங்குடியினரின் ஈமமேடு ஒன்றுக்கு அருகில், 1948-ல் மவுண்ட் ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. முதலில் அணுகுண்டுக்கான பொலோனியம், பிறகு பல பத்தாண்டுகள் டெட்டனேட்டர்கள். முதலில் மான்சாண்டோ நிறுவனம் நடத்தியது, 1988-லிருந்து இ.ஜி.அண்ட்.ஜி. இப்படிப்பட்ட இடத்தில் உருப்படிகள் குறைவு, விலை அதிகம், கேட்கப்படும் நம்பகத்தன்மையோ உச்சம். அங்கிருந்தபடியே 1994-ல் டெக்னோமெட்ரிக்ஸ் இதழில் நேயர் எழுதிய கட்டுரை, இன்று இந்தத் துறையில் வேலை பார்க்கும் எல்லோரும் அவர் பெயரால் அழைக்கும் சோதனையை அறிமுகப்படுத்தியது. டிக்சனும் மூட்டும் போல வந்துபோகாமல், பிற்காலத்திலும் அதே ஊரில் வெடிதூண்டி செய்யும் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். கணக்கைப் போடுவதும் பொருளைச் சுடுவதும் ஒரே ஆள் என்பது கட்டுரையைப் படித்தால் தெரியும்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: இதுவரை சுட்ட எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், அடுத்த ஒன்றை எங்கே சுட்டால் அதிகம் தெரிந்துகொள்ளலாம்? புரூஸ்டன் முறைக்குக் கடைசிச் சுடு மட்டுமே நினைவிருக்கும். நேயரின் முறைக்கு எல்லாம் நினைவிருக்கும். முதல் கட்டத்தில் வெடிப்பதும் வெடிக்காததும் ஒவ்வொன்றாவது கிடைக்கும் வரை எல்லையை வளைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் வரை நெருக்குகிறது. மூன்றாவதில், சராசரியையும் விலக்கத்தையும் சேர்த்து அறிவதற்கான தகவல் உச்சமாகும் புள்ளியை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுச் சுடுகிறது. அந்தப் புள்ளிகள் கடைசியில் சராசரிக்கு இருபுறமும் 1.14 திட்ட விலக்கத்தில், அதாவது நூற்றுக்கு 13 வெடிக்கும் இடத்திலும் 87 வெடிக்கும் இடத்திலும் போய் நிற்கும். இருபது முப்பது உருப்படியில் வேலை முடிகிறது. ஆனால் கணினி பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் இது 1944-ல் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் செய்திருக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் சோதிக்கும்போது, திட்ட விலக்கத்தின் மதிப்பீடு உண்மையைவிடச் சிறிதாகவே வரும் போக்கு உண்டு. விலக்கம் சிறிதாக வந்தால் ஓரம் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். 3.09 மடங்கு எடுப்பதால் அந்தப் பிழையும் மூன்று மடங்காகப் பெருகும். பிழை தற்செயலாகப் பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருந்தால் பரவாயில்லை, சாய்வது ஆபத்தான பக்கம்! மதிப்பீட்டை மட்டும் தராமல் அதன் நம்பிக்கை எல்லையையும் தர வேண்டும், அதையும் பழைய தோராயச் சூத்திரத்தில் அல்லாமல் நிகழ்வாய்ப்பு விகிதத்தைக் கொண்டு போட வேண்டும் என்று நேயர் வலியுறுத்தியது இதனால்தான். 2014-ல் ஜெஃப் வூ, தியான் இருவரும் இன்னொரு வழி சொன்னார்கள். நடுவை நேயரைப் போலவே கண்டுபிடித்துவிட்டு, மீதி உருப்படிகளை நமக்கு வேண்டிய ஓரத்தை நோக்கி நகர்த்துவது. கேரளத்திலிருந்து அமெரிக்கா போன ரோஷன் ஜோசப் 2004-ல் செம்மைப்படுத்திய ஒரு நுட்பம் அதற்கு அடிப்படை. எட்டிப் பார்க்க வேண்டிய தூரம் இதில் குறைகிறது. ஆனால் 99.9 சதவீதப் புள்ளியிலேயே நின்று சுட்டால் எல்லாமே வெடிக்கும், எதுவும் தெரியாது.

நிபுணர்களின் புத்திசாலித்தனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கில் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. 1961-ல் அமெரிக்கக் கடற்படையின் ஒயிட் ஓக் ஆய்வகம் வேரிகாம்ப் என்ற முறையை வெளியிட்டது. ஒரு வெடிமருந்திலிருந்து அடுத்ததற்கு வெடிப்பு தாவுமா என்று பார்க்க வேண்டுமென்றால், உண்மையில் பயன்படுத்தப்போகும் மருந்தை வைத்து ஆயிரக்கணக்கில் சோதிக்க வேண்டாம். அடுத்ததாக வெடிக்க வேண்டிய இடத்தில் அதைவிட மந்தமான ஒரு மருந்தை வை. அந்த மந்தமான மருந்தே சில டஜன் சோதனையில் தவறாமல் வெடித்தால், உண்மையான மருந்து வெடிக்காமல் போக வாய்ப்பு மிகமிகக் குறைவு. இரண்டு மருந்துகளின் உணர்திறன் தனித்தனியே அளந்து வைக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு குறைவு என்றும் கணக்கிட்டுவிடலாம். வளைவின் ஓரத்துக்கு நாம் போகாமல், ஓரத்தை நம் பக்கம் இழுத்துவருகிற வேலை இது. பேர்ல் ஹார்பரின் பொறியாளர்கள் தகட்டைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோதும், எளிதாக்கும் திசையில் என்றாலும், ஏறக்குறைய இந்த வழியைத்தான் தொட்டார்கள். மூவாயிரம் வெற்றியைவிட, கடுமையாக்கிய நிலைமையில் கிடைத்த முப்பது வெற்றி வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்லும் என்றே நினைக்கிறேன். என்ன, எந்தத் திசையில் கடுமையாக்குவது என்பது பொருள் எப்படிக் கெடும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

தெரியாத திசை ஒன்று எப்போதும் இருக்கும். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பை விரிப்பான்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது எரிய வேண்டிய வேகத்தில்தான் எரிந்தன. வெயிலில் நின்று இரவில் குளிரும் கார்களில், ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி உலர்ந்து அவற்றின் அடர்த்தி கெட்டது. பிறகு மிதமிஞ்சிய வேகத்தில் எரிந்து உலோகக் கூட்டையே உடைத்து, ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் சிதறல்களை எறிந்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி விரிப்பான்களைத் திரும்பப் பெற உத்தரவிட வேண்டியிருந்தது. 2014-ல் முதலில் புளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் இருந்த கார்களைத்தான் கூப்பிட்டார்கள். பின்னர் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, நாடு முழுவதையும் தட்பவெப்பத்தைப் பார்த்து மூன்று மண்டலங்களாகப் பிரித்து, கார் எந்த மண்டலத்தில் ஓடியது, விரிப்பானுக்கு எத்தனை வயது என்பதை வைத்து யாரை முதலில் அழைப்பது என்ற வரிசையை வகுத்தது.